தைலம் ஏறிய ஒயின்

ஜாடியைக் கழுவிக் கழுவி என் விரல்நுனி சுருங்கிப்போய்விட்டது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். புளியைக் கரைத்து ஊற்றினேன். எலுமிச்சைத் தோலும் வெந்நீருமாக ஒரு ராத்திரி ஊறவைத்தேன். இன்று மேகம் விலகிக் கொஞ்சம் வெயில் வந்ததும் பின்வாசல் படியில் கவிழ்த்து வைத்திருந்தேன். சாயங்காலம் எடுத்து வாயருகே முகர்ந்தால், தைலம். மங்கலாகத்தான். ஆனாலும் தைலம்தான்.

உன் ஜாடி இது. நீ கடைசியாகப் போட்ட பிளம்ஸ் ஒயின் இதில்தான் இருந்தது. அது கெட்டுப்போயிருந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இந்த வரிசையில் எந்த வீட்டு ஒயின் கெட்டாலும், ஏன் கெட்டது என்று வாசலில் நின்றே சொன்னவள் நீ. உன் ஒயினுக்கு அதைச் சொல்ல நீ இல்லை.

கிறிஸ்துமஸ் கூட்டமெல்லாம் மலையிறங்கிப் போய்விட்டது. ஏரிப் பக்கம் வண்டிச் சத்தம் குறைந்திருக்கிறது. நீ தைலமும் சாக்லேட்டும் விற்ற கடை இருந்த இடத்தில் இப்போது ஒருவர் கம்பளித் தொப்பி விற்கிறார். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறேன்.

அய்யம்பாளையத்திலிருந்து வேலைக்காக மேலே ஏறி வந்து, உன் வீட்டோடு ஒரே சுவரைப் பங்கிட்ட அந்தச் சின்ன வீட்டில் நான் குடியேறிய வருஷம் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. ஸ்வெட்டர்கூட இல்லாமல் வந்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒயினும் சாராயமும் ஒன்றுதான். அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ ஒரு சில்வர் டம்ளரோடு என் வாசலில் நின்றபோது, வாங்கலாமா கூடாதா என்று நான் விழித்தேன்.

“உங்கம்மா கீழ இருக்கு, நீ மேல இருக்க. குடி” என்றாய். நம் சிநேகம் அந்த வார்த்தையில்தான் தொடங்கியது.

நம் வரிசையின் வழக்கத்தை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு எல்லா வீட்டிலும் ஜாடியின் துணியை அவிழ்ப்பார்கள். முதல் டம்ளர் வீட்டுக்காரர்களுக்குக் கிடையாது. பக்கத்து வீட்டுக்குப் போகும். வாங்கியவர் கொடுத்தவர் முன்னாலேயே ஒரு வாய் குடித்து, “நல்லாயிருக்கு” என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் மற்றவர்கள் குடிப்பார்கள். காடியாகப் புளித்திருந்தாலும் நல்லாயிருக்கு. ஈரத்துணி நாற்றம் அடித்தாலும் நல்லாயிருக்கு. அந்தச் சொல்லை மாற்றிச் சொல்ல யாருக்கும் மனம் வராது. உனக்கு வந்தது.

எதிர்வீட்டு லில்லி டீச்சர் கொண்டுவந்த டம்ளரை நீ உடனே குடிக்கவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனாய். சூட்டில் சாராயம் பறந்துவிட்டால் அடியில் ஒளிந்திருக்கிற வாடை தனியாக வெளியே வரும் என்பது உன் கணக்கு. பிறகு சொன்னாய்:

“டீச்சர், இது செத்துப்போச்சு. பாதி ஜாடியா வெச்சுக்கிட்டு தெனம் தொறந்து தொறந்து பாத்திருக்கீங்க. காத்து உள்ள போயிருச்சு. வெட்டி வெச்ச ஆப்பிள் கணக்கா கெடக்கு.”

டீச்சரின் முகம் சுண்டிவிட்டது. அடுத்த வருஷம் அவர் தன் முதல் டம்ளரை உன் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆனால் இருட்டியதும், சால்வைக்குள் இன்னொரு டம்ளரை மறைத்துக்கொண்டு உன் பின்வாசலுக்கு வந்தார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், “சும்மா, பாத்திரம் குடுக்க வந்தேன்” என்றார். நீ உள்ளேயிருந்து, “இந்தத் தடவ முழுசா நெறச்சிருக்கீங்க டீச்சர், தப்பிச்சீங்க” என்று கத்தினாய்.

இப்படி ஏன் சொல்கிறாய், ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று ஒருமுறை கேட்டேன். “நல்லாயிருக்குன்னா அடுத்த வருசமும் அதேதான போடுவாக. நான்தான அதக் குடிக்கணும்” என்றாய்.

என்னை மட்டும் விட்டுவைத்தாயா? நான் முதன்முதலாகத் தனியாகப் போட்ட ஒயினை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆடி மாதச் சாரலும் குளிரும் சேர்ந்து ஜாடியில் குமிழ் அடங்கிவிட்டது. கீழ்நாட்டுக்காரி எனக்கு என்ன தெரியும்? நுரைப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து, பழைய ஸ்குவாஷ் பாட்டில்களில் ஊற்றி இறுக மூடி அலமாரியில் அடுக்கினேன். கிறிஸ்துமஸுக்குக் குடித்தபோது சர்பத் போல இனித்தது. எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். நீ மட்டும், “இது தூங்குதுடி. எந்திரிச்சா உனக்கு இருக்கு” என்றாய். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். கோடை வெயில் ஏறி சீசன் கூட்டம் வந்த சமயத்தில், மிச்சமிருந்த பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. நீ துடைப்பத்தோடு வந்து நின்று, உத்தரத்திலிருந்து சொட்டிய ஒயினை விரலில் தொட்டு நக்கிவிட்டு, “இப்பத்தான்டி நல்லாயிருக்கு” என்றாய்.

உன் ஜாடியும் கெட்டிருக்கிறது. பேரிக்காய் ஒயின் போட்ட வருஷம் உன் சமையலறையில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. என் வீட்டுச் சாக்கடைதான் காரணம் என்று இரண்டு நாள் என்னோடு சண்டை பிடித்தாய். கடைசியில் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாய். அன்று மாலை நாம் இருவரும் வாசலில் உட்கார்ந்து, ஒயினை ஒரு குண்டானிலிருந்து இன்னொரு குண்டானுக்கு உயரத் தூக்கி ஊற்றி ஊற்றிக் காற்றாடவிட்டோம். என் பூசை அலமாரியிலிருந்து செம்புச் சொம்பை எடுத்துக்கொண்டுபோய் அதற்குள் முக்கினாய். செம்பு பட்டால் அந்த நாற்றம் போகும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தாயாம். வரிசை முழுக்க ஜன்னலைச் சாத்தினார்கள். நாற்றம் போனது. சொம்பு கறுத்தது. என் சாமி கோபித்துக்கொள்ளாது என்று நீயாகவே தீர்ப்பும் சொன்னாய்.

நான் அழுததும் உண்டு. ஒரு வருஷம் துணியைச் சரியாகக் கட்டாமல் பழ ஈ உள்ளே போய், என் ஜாடி முழுக்கப் புளித்துவிட்டது. வீட்டில் மனசு சரியில்லாத வருஷம் அது. அந்த ஒயினாவது சரியாக வர வேண்டும் என்று ஏனோ பிடிவாதமாக இருந்தேன். யாருக்கும் தெரியாமல் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கி உனக்குக் கொண்டுவந்தேன். நீ முகர்ந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். “கெட்டதுக்குச் சீனி போட்டா அது இனிப்பாக் கெட்டிருக்கும். அம்புட்டுதான்” என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்குள் போய், ஜாடியைத் தூக்கிவந்து சரிவில் கொட்டினாய். ஒரு வாரம் உன்னோடு நான் பேசவில்லை. நீயும் வந்து சமாதானம் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் தினமும் என் வாசலில் ஒரு கிண்ணம் குழம்பு இருந்தது.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைகள். தெரியாததைச் சொல்கிறேன்.

போன ஜூனில் கவுஞ்சியிலிருந்து உன் அண்ணன் வழக்கம்போல ஒரு கூடை பிளம்ஸ் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். நீ மதுரையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. மருந்தினால் விரல்கள் எரிகின்றன, மரத்தும் போகின்றன என்றாய். உன் கடைத் தைலத்தையே எடுத்து இரவும் பகலும் தேய்த்துக்கொண்டிருந்தாய். இந்த வருஷம் வேண்டாம், பழத்தை ஜாம் ஆக்கிவிடலாம் என்றேன். ஜெனிக்கு ஒயின் வேண்டாமா என்று கேட்டாய். உன் மகள் கோயம்புத்தூரில் புதிதாக வேலையில் சேர்ந்திருந்தாள். லீவு கிடைக்காமல் தினமும் போனில் அழுதுகொண்டிருந்தாள். சரி, நான் பிசைகிறேன், நீ உட்கார்ந்து பார் என்றேன்.

“கை படாம ஒயினு எப்படிடி வரும்? நீ சீனிய அள்ளு, வெரசா.”

வெந்நீரில் கையைக் கழுவிக்கொண்டுதான் உட்கார்ந்தாய். முக்காடு போட்ட தலை, மெலிந்த மணிக்கட்டு, முழங்கை வரை சிவப்பு. பாதி பிசைந்ததும் நிறுத்தி, “பழம் மணக்குதா?” என்று கேட்டாய். மணக்கிறது என்றேன். அத்தனை வருஷத்தில் நீ ஒரு மணத்தைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. மருந்து உன் நாக்கைக் கெடுத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். சோறு மண்ணாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மூக்கும் போய்விட்டது என்று நீ சொல்லவில்லை.

உன் கடையில் தைலக் குப்பிகள் ஒரு கோடியிலும் சாக்லேட் தட்டுகள் மறு கோடியிலும் இருக்கும். தைலத்தைத் தொட்ட கையைக் கடலைமாவு போட்டுக் கழுவாமல் யாரும் சாக்லேட் பக்கம் வரக் கூடாது. ஒரு சொட்டுத் தைலம் ஒரு தட்டுச் சாக்லேட்டைத் தின்றுவிடும் என்பாய். அந்தச் சட்டத்தைப் போட்டவளே தைல விரல்களோடு பழம் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கும் தெரியவில்லை. அந்த மாதங்களில் உன் தலையணை, ஜன்னல் திரை, பைபிள் எல்லாமே தைலமாக மணந்தன. அதற்குள் உன் விரல் தனியாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் மழையில் நீ போய்விட்டாய். ஜெனி திரும்பிப் போகும்போது ஜாடி என் வீட்டுக்கு வந்தது. “அம்மா போட்டத நீங்க தொறந்துராதீங்க சித்தி. நான் வந்ததும் சேந்து குடிப்போம்” என்றாள். ஆனால் அடிமண்டியோடு அப்படியே விட்டால் கசந்துவிடும் என்று சொல்லித்தந்தவளே நீதானே? நவம்பரில், தெளிவை மட்டும் வடித்து வைக்கலாம் என்று துணியை அவிழ்த்தேன்.

நிறம் அருமையாக இருந்தது. நாவல் பழ நிறம். முகத்தைக் கிட்டே கொண்டுபோனதும் தைலம் குப்பென்று அடித்தது.

முதலில் மரத்தைச் சந்தேகித்தேன். பழம் பழுத்த இடத்தில் தைலமரம் நின்றால் இலை உதிர்ந்து வாடை ஏறலாம் இல்லையா? உன் அண்ணனுக்குப் போன் செய்தேன். எங்க வரப்புல தைலமரமே கெடையாதேம்மா, என்ன சோலி என்றார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். குண்டான் மாற்றிக் குண்டான் ஊற்றிக் காற்றாடவிட்டேன். செம்பை முக்கினேன். கரித்துண்டுகூடப் போட்டுப் பார்த்தேன். முட்டை நாற்றத்துக்கு மருந்து உண்டு. இதற்கு இல்லை. கடைசியில், நீ செய்வதுபோல உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தேன். சாராயம் பறந்தது. பழம் பறந்தது. கையில் உன் கை மட்டும் மிஞ்சியது.

அப்போதுதான் புரிந்தது.

அன்றிலிருந்து ஜெனி வரும் வரைக்கும் நான் பட்ட பாடு! அந்தப் பெண்ணுக்கு அவள் அம்மா கையால் செய்த பொருள் இனி இது ஒன்றுதான். அது வாயில் வைக்க முடியாததாக இருக்கிறது. என் பேரிக்காய் ஒயினில் கொஞ்சம் கறுப்புத் திராட்சைச் சாறு சேர்த்து நிறத்தைக் கொண்டுவந்து, இதுதான் அம்மாவுடையது என்று கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கிராம்பும் பட்டையும் போட்டு மறைக்கலாமா என்று யோசித்தேன். சீனி டப்பாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். நின்ற இடத்திலேயே உன் பேச்சு காதில் விழுந்தது. டப்பாவை வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. நீ போன பிறகு ஊரில் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதையே சொன்னார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து வெளியே நின்றபோது லில்லி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவ ஒருத்தரையும் ஒரு வார்த்த சொன்னதில்ல” என்றார். டீச்சர்! சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு, அவர்கள் யாரைப் பற்றிப் பேசினார்கள் என்று யோசித்தேன். சாந்தமான, பொறுமையான, வாய் திறக்காத ஒருத்தி. அவளை எனக்குத் தெரியாது. அவளுக்காக என்னால் அழவும் முடியவில்லை. முதல் டம்ளரைக் குடித்துவிட்டு வாசலில் நின்று சொல்கிற அதே சொல்லை உன் மேலும் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றியது. இந்த ஜாடியையும் நான் மறைத்துவிட்டால், உன்னை முழுவதுமாக அவர்களிடம் கொடுத்துவிட்ட மாதிரி.

கிறிஸ்துமஸுக்கு வந்த ஜெனி பையைக்கூட இறக்கவில்லை. “எங்க சித்தி?” என்றாள். நான் உன்னுடையதையே ஊற்றிக் கொடுத்தேன்.

அவள் குடிக்கவில்லை. உள்ளங்கையில் ஊற்றினாள். தேய்த்தாள். மூக்கருகே வைத்தாள். அவள் புருவம் ஒருபக்கமாக ஏறியது. அச்சு அசல் நீ.

“சித்தி, இது கெட்டுப்போச்சு. தைலம் அடிக்குது.”

ஆமாம் என்றேன். எப்படி என்று கேட்டாள். ஜூனில் நடந்ததைச் சொன்னேன். விரல் எரிந்ததை, நீ பிசைந்தே தீருவேன் என்றதை, பழம் மணக்கிறதா என்று என்னைக் கேட்டதை. அவள் கையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தைலக் கையோடவா?” என்றாள். “எங்கம்மாவா?”

“ஆமா.”

“சின்னப்புள்ளைல தைலம் தொட்ட கையோட ஒரே ஒரு சாக்லேட் எடுத்தேன்னு என்னைய கரண்டியால போட்டுச்சு சித்தி. இங்க பாருங்க, இன்னும் தழும்பு இருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுதாள். பிறகு நாங்கள் இருவரும் உன் குறைகளைப் பேச ஆரம்பித்தோம். நிறுத்தவே முடியவில்லை. நீ கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தந்ததே இல்லை. பிரசங்கத்தில் குறட்டை விடுவாய். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாய். கோபம் வந்தால் ஜெனியின் அப்பாவை வெள்ளனே எழுப்பிவிட்டுச் சண்டை போடுவாய், அவர் இறந்த பிறகு போட்டோவைப் பார்த்தும் போட்டாய். ஜெனி சொல்லச் சொல்ல நீ அறைக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆகஸ்டிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது இந்த உன்னைத்தான்.

ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். முகத்தைச் சுளித்துக்கொண்டே, மருந்து மாதிரி. மிச்சத்தைக் கொட்டிவிடலாம் என்றாள். ஒரே ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள். உன் குரல்.

ஆளுக்கு ஒரு பக்கம் ஜாடியைப் பிடித்துப் போய்ச் சரிவில் கவிழ்த்தோம். மூடுபனிக்குள் தைலமும் பிளம்ஸும் கலந்த வாடை எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகு போய்விட்டது. நான் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே போய் முட்டைக்குழம்புக்கு வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் யாரோ உன்னைப் பற்றி, எப்பேர்ப்பட்ட தங்கமான மனுசி என்றார்கள். தங்கம்தான், ஆனா வாய் ரொம்ப மோசம் என்றேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். லில்லி டீச்சர் மட்டும் குடையைத் தரையில் ஊன்றி, “எனக்கு அவ மேல இன்னும் கோவம் இருக்கு” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்து வந்தார்.

ஜாடியைக் கவிழ்த்த அன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஜெனிக்கு என் பேரிக்காய் ஒயினை ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். “நல்லாயிருக்கு சித்தி” என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். பெற்ற தாயுடையதைக் கெட்டுப்போச்சு என்று சொன்ன வாய்தான் அது. ஆனாலும் அன்று என்னை நோகடிக்கக் கூடாது என்று அவள் நினைத்திருக்கலாம். மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது. புத்தாண்டு கழிந்து அவள் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

வரிசையில் எல்லா வீட்டுக்கும் டம்ளர் போய்வந்துவிட்டது. எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். இந்த வருஷத்து என் ஒயின் உண்மையில் எப்படி வந்திருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது.